அசையாத வாள்

தேநீர் கொடுப்பதாக இருந்தால் மூடி போட்ட குவளையில் கொடுங்கள், இன்ஸ்பெக்டர். திறந்த கிளாஸில் குடித்து எனக்குப் பழக்கமில்லை. சீனி வேண்டாம்.

ராஜம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டதாக வெளியே இருந்த பெண் காவலர் சொன்னார். நன்றி. என் மனைவி காவல் நிலையத்து நாற்காலியில் உட்கார்ந்து பழகியவள் அல்ல. தேநீர் போட்டவள் அவள் என்பதால் அழைத்து விசாரித்தீர்கள். உங்கள் பக்கத்தில் அது சரிதான். ஆனால் அவள் போட்டு வைத்த தேநீருக்கும் மகளின் கைக்கும் நடுவில் நான் இருந்தேன். அதைச் சொல்லிவிடத்தான் வந்திருக்கிறேன்.

என் பெயர் ஐயாசாமி. லாபிஸ் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ரயில்வேயில் நிலைய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். கோயில் நிர்வாகத்தில் தலைவர். எங்கள் வீட்டைப் பற்றி வெளியில் ஒரு சொல் வந்ததில்லை. வர நான் இடம் கொடுத்ததில்லை. உங்கள் சட்டையில் காளிதாஸ் என்று இருக்கிறது. நம்மவர். ஆகையால் இதெல்லாம் எதற்கு என்று கேட்க மாட்டீர்கள். வீட்டு விஷயத்தை இப்படி ஒரு மேசையின் முன்னால் உட்கார்ந்து பேசுவது எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதையும் எழுதிக்கொள்ளலாம்.

நீங்கள் முதலில் கேட்டது அந்த வீடியோ கேமைப் பற்றி. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

என் மகள் ஷர்மினி பள்ளியில் மூன்றாம் படிவம் படித்தபோது அவளுடைய அண்ணன் சுகுமாறன் அந்த விளையாட்டு இயந்திரத்தை வாங்கி வந்தான். ஒரு வீரன் காடும் மலையும் தாண்டிப் போய்த் தன் ஊரை மீட்கிற ஆட்டம். மற்ற ஆட்டங்களில் பொத்தானை அமுக்கினால் போதும். இதில் அப்படி இல்லை. ரிமோட் பிடித்த கை எப்படிப் போகிறதோ, திரையில் வீரனின் வாளும் அப்படியே போகும். மேலிருந்து வீசினால் மேலிருந்து வெட்டும். சாய்த்தால் சாயும். வழியில் சில கல் கதவுகள் வரும். அவற்றின் முன்னால் வாளை நெஞ்சுக்கு நேராக நிமிர்த்தி, துளியும் அசையாமல் நிற்க வேண்டும். நின்றால்தான் கதவு திறக்கும். சுகுமாறனுக்கு அந்தப் பொறுமை கிடையாது. கதவு வந்ததும் தங்கையைக் கூப்பிடுவான். அவள் சமையலறையிலிருந்து வந்து, ரிமோட்டை வாங்கிக்கொண்டு, கல் மாதிரி நிற்பாள். கதவு திறக்கும். போய்விடுவாள்.

நான் சன்னல் திரையை இழுத்து மூடுவேன். வளர்ந்த பெண் கூடத்தில் நின்று கை வீசுவதைத் தெருவில் போகிறவர்கள் பார்க்க வேண்டாம் என்று. மூடிய பிறகு நானும் நின்று பார்ப்பேன். என் மகள் அசையாமல் நிற்பது எனக்குப் பிடித்திருந்தது.

படிப்பை முடித்து ஆயர் ஈத்தாமில் ஒரு மண்பாண்ட வியாபாரியிடம் கணக்கு வேலைக்குப் போன பிறகுதான் அவளுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. பெரிதாக ஒன்றும் இல்லை. குவளையைத் தூக்கினால் தட்டில் டக் டக் என்று ஒரு சத்தம் வரும். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. நீல நிற இன்ஹேலர் ஒன்று எப்போதும் கைப்பையில் இருக்கும். அதை இழுத்தால் கை நடுங்கும் என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். அப்படி நடுங்குவதும் உண்டுதான். அவள் என்னிடம் கேட்டபோது, ஆமாம், அதனால்தான், முடிந்தவரை குறைத்துக்கொள் என்று சொன்னேன்.

அது உண்மை இல்லை என்று எனக்குத் தெரியும். என் அண்ணன் லெட்சுமணனுக்கும் இதே நடுக்கம் இருந்தது. அவர் கடைசி வரை கல்யாணம் செய்யாமல் எங்கள் வீட்டின் பின்னறையில் இருந்தார். கை நடுங்குவதைப் பார்த்து ஊரில் அவரைக் குடிகாரர் என்றார்கள். அவர் ஒரு சொட்டுகூடத் தொட்டதில்லை. நான் மறுத்துப் பேசவில்லை. குடிகாரன் என்றால் அந்த ஒரு ஆளோடு போய்விடும். இரத்தத்தில் ஓடுகிறது என்று தெரிந்தால் பிள்ளைகள் வரைக்கும் வரும். அவருக்கும் இது புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். அவர் எதுவும் கேட்டதில்லை.

ஷர்மினிக்கு வந்த வரன் நல்ல வரன். பையன் பெயர் கமலநாதன். ஸ்கூடாயில் வீடு, சிங்கப்பூரில் வேலை, தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிப் போய் வருகிறவர். இரண்டு பேரையும் போனில் பேசிப் பழக அனுமதித்தேன். நான் பழமைவாதி இல்லை. பேசியதில், அந்தப் பழைய ஆட்டத்தை அவரும் பள்ளிக்கூட நாளில் ஆடியவர் என்று தெரிந்தது. அதற்குப் பிறகு அவர்களுக்கு வேறு பேச்சே இல்லை.

ஒரு நாள் ஷர்மினி அலமாரியின் மேலிருந்து அந்தப் பழைய இயந்திரத்தை இறக்கித் துடைத்துப் போட்டுப் பார்த்தாள். நான் பின்னால் நிற்பது அவளுக்குத் தெரியாது. கல் கதவு வந்தது. வாளை நிமிர்த்தினாள்.

அவளுடைய கை கொஞ்சமாகத்தான் நடுங்கியது. அவ்வளவு தூரத்திலிருந்து எனக்கு அது தெரியக்கூட இல்லை. ஆனால் திரையில் வாள் நடுங்கியது. சுவரில் மாட்டிய அந்தப் பெரிய தொலைக்காட்சியில், ஒரு ஆள் உயர வாள், காற்றில் அகப்பட்ட கொடி மாதிரி நடுங்கியது. கதவு திறக்கவில்லை. அவள் தனக்குள் சிரித்துக்கொண்டே அணைத்துவிட்டாள். நான் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

நாங்கள் இத்தனை நாள் முந்தானைக்குள்ளும் மேசைக்குக் கீழேயும் மறைத்து வைத்திருந்ததை அந்தப் பெட்டி அவ்வளவு பெரிதாக்கிக் காட்டியது. இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

மாப்பிள்ளை வீட்டார் ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஏற்பாடு. நான் எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தேன். பெண் தட்டில் தேநீர் ஏந்தி வர வேண்டாம், இந்தக் காலத்தில் அதெல்லாம் எதற்கு என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டேன். பலகாரம் முன்கூட்டியே மேசையில் இருக்கும். தேநீர் பிளாஸ்க்கில் இருக்கும். அவள் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தால் போதும். அதற்கு முந்தின நாள், சாப்பிடும்போது அவள் சொன்னாள்.

“அப்பா, அவரு அந்தப் பழைய கேமைக் கொண்டு வராராம். இப்போ புது மெஷினுக்குத் திரும்பவும் விட்டிருக்காங்க லா. அவங்க அம்மா, அக்கா முன்னாடி ரெண்டு பேரும் ஆடணுமாம்.”

“அதே ஆட்டமா? கையை வீசி ஆடுறதா?”

“அதேதான்பா. ஆனா இப்போ வந்ததுல…”

நான் எழுந்து கை கழுவப் போய்விட்டேன். அவள் ஏதோ சொல்ல வந்தாள். திரும்பி வந்து என்னவென்று கேட்டிருக்கலாம். எங்கள் வீட்டில் நான் எழுந்த பிறகு பேச்சு தொடர்வதில்லை. அது ஒரு பழக்கம்.

மாப்பிள்ளையின் அக்கா பிரேமலா ஜொகூர் பாருவில் ஒரு மருத்துவமனையில் தாதி. அதுவும் என் மனதில் இருந்தது. தாதி வேலை பார்க்கிற பெண் அந்த வாளைப் பார்த்தால் போதும்.

வீட்டில் ஒரு மாத்திரை இருந்தது. நடுக்கத்தை அடக்குகிற மாத்திரை. கையை மட்டும் இல்லை, நெஞ்சுத் துடிப்பையும் நிதானமாக்கும். ஞாயிற்றுக்கிழமை பகல் உணவுக்குப் பிறகு ராஜம்மா ஷர்மினிக்கு இஞ்சி போட்டுத் தேநீர் வைத்தாள். நான் அதில் ஒரு மாத்திரையைப் பொடித்துப் போட்டுக் கலக்கி, அவளுடைய அறைக்குக் கொண்டு போனேன். சேலைக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தாள்.

“என்னப்பா, அதிசயமா இருக்கு? நீங்க தேத்தண்ணி கொண்டு வர்றீங்க?”

“குடிம்மா. பேசப் பேசத் தொண்டை காயும்.”

“மழை வரப்போகுது,” என்று சிரித்தாள். முழுவதையும் குடித்தாள். நான் அவளுக்குக் கையில் கொண்டுபோய்த் தேநீர் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

அதற்கு முன்பு, அவள் குளிக்கப் போயிருந்தபோது, கைப்பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து என் ஜிப்பாப் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஆட்கள் வருகிற நேரத்தில் பதற்றத்தில் அதை இழுப்பாள். இழுத்தால் கை இன்னும் நடுங்கும். மாத்திரை கொடுத்தும் பயனில்லாமல் போகும். அவர்கள் போன பிறகு திருப்பி வைத்துவிட எண்ணம். திருடவில்லை. எடுத்து வைத்தேன்.

நான்கு மணிக்கு வந்தார்கள். கமலநாதன், அவருடைய தாயார், பிரேமலா. நல்ல மனிதர்கள். தாயார் வந்து உட்கார்ந்ததுமே அதிரசத்தை எடுத்துக் கடித்தார்.

“அண்ணே, பலகாரம் அருமையா இருக்கு. என் மகன் அந்தப் பக்கம் போய் மீ கோரெங் தின்னே வயித்தைக் கெடுத்துக்கிறான். இனிமே உங்க வீட்டுக்கே அனுப்பிடுறேன்.”

கமலநாதன் பையைத் திறந்து இயந்திரத்தை எடுத்து எங்கள் தொலைக்காட்சியில் மாட்டத் தொடங்கினார். பிரேமலா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“பாத்தீங்களா மாமா? தம்பிக்குப் பொண்ணு பாக்க வந்தோமா, இல்ல டிவி ரிப்பேர் பண்ண வந்தோமான்னு தெரியல.”

“ரெண்டுக்கும்தான்கா. சும்மா இரு.”

படம் வந்தது. அதே வீரன், அதே காடு, நிறம் மட்டும் புதிதாக இருந்தது. கமலநாதன் எதையோ அமுக்கி மாற்றிவிட்டு, கருவியை ஷர்மினியிடம் நீட்டினார்.

“ஸ்டிக்குக்கு மாத்தி வச்சிட்டேன். கையை வீச வேணாம். கட்டை விரலால தள்ளினா வாள் போவும்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “பழைய கேம்ல இந்த வசதி இல்ல மாமா. இப்போ ரெண்டு விதமாவும் ஆடலாம். ஷர்மினி சொல்லியிருந்தாங்க, கை கொஞ்சம் ஆடும்னு. அதனாலதான் இதையே வாங்கினேன்.”

“எனக்குந்தான் ஆடுது,” என்றார் தாயார். “ஊசில நூல் கோக்க இவனைத்தான் கூப்பிடுறேன். வரவே மாட்டான். நீ பழக்கி விடும்மா.”

எல்லோரும் சிரித்தார்கள். ராஜம்மாவும் சிரித்தாள். கூடத்தில் யாரும் அதை ஒரு செய்தியாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

நான் ஷர்மினியின் காலிக் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அறையிலிருந்து கொண்டுவந்து மேசை ஓரத்தில் வைத்திருந்தாள்.

அவள் கருவியை வாங்கிக் கையில் பிடித்துப் பார்த்தாள். விரல்களை விரித்து மடக்கினாள். பிறகு சொன்னாள், “இல்லங்க, இன்னைக்கு என்னமோ கை நல்லா இருக்கு. வீசியே ஆடிப் பாக்குறேன். மாத்துங்க.”

மாற்றிக் கொடுத்தார். அவள் எழுந்து நின்றாள். கல் கதவு வந்தது. வாளை நெஞ்சுக்கு நேராக நிமிர்த்தினாள்.

அசையவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளையாக நின்ற மாதிரியே நின்றாள். திரையில் வாள் வரைந்து வைத்தது போல நின்றது. கதவு திறந்தது. கமலநாதன் கை தட்டினார். அவள் திரும்பி என்னைத்தான் பார்த்தாள்.

“அப்பா, பாத்தீங்களா?”

பார்த்தேன் என்று தலையாட்டினேன். இதை மறைக்க மாட்டேன், இன்ஸ்பெக்டர். அந்த நேரத்தில் எனக்குப் பெருமையாக இருந்தது.

அதற்குப் பிறகு இருமினாள். சிரித்ததால் வந்த இருமல் என்று நினைத்தோம். கருவியை சோபாவில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். மூச்சில் விசில் சத்தம் வந்தது. ராஜம்மா கைப்பையை எடுத்து வந்தாள். பிரேமலா அதை வாங்கித் தரையில் கொட்டினார்.

“பம் எங்கம்மா? இன்ஹேலர்?”

“பேக்லதான் இருக்கும். எப்பவும் பேக்லதான் வச்சிருப்பா,” என்று ராஜம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள்.

எல்லோரும் தேடினார்கள். நானும் தேடினேன். அலமாரி இழுப்பறையைத் திறந்து பார்த்தேன். சாமி அறைக்குப் போய்ப் பார்த்தேன். ஒரு கை ஜிப்பாப் பைக்குள் இருந்தது. விரல்கள் அதைப் பிடித்திருந்தன.

வெளியே எடுத்தால், அது எப்படி அங்கே வந்தது என்று பிரேமலா கேட்பார். அதற்கு ஒரு பதிலைத் தேடினேன். கட்டிலில் கிடந்தது, இப்போதுதான் பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பதில் எனக்கு ஆம்புலன்ஸ் போன பிறகுதான் தோன்றியது. அந்த நேரத்தில் தோன்றியது ஒன்றுதான்: சம்பந்தி வீட்டார் முன்னால் நான் பையிலிருந்து கையை எடுக்க முடியாது.

ஷர்மினி என் பையைப் பார்த்தாள். மெல்லிய வெள்ளை ஜிப்பா. உள்ளே நீல நிறம் தெரிந்திருக்கும். அவளால் பேச முடியவில்லை. பேச முடிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள். வந்தவர்கள் முன்னால் அப்பாவை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று சொல்லித்தான் வளர்த்தோம். கண்ணை என் பையிலிருந்து எடுத்து, தொலைக்காட்சிப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அங்கே கதவு திறந்தபடியே இருந்தது.

சிகாமட் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் உயிர் போய்விட்டது.

வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் இன்ஹேலரை சோபாவுக்கு அடியில் உருட்டிவிட்டேன். மறுநாள் கூட்டும்போது கிடைத்தது. சோபாவை நகர்த்திப் பார்க்கவில்லையே என்று ராஜம்மா இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்கிறாள். நான் அவளுக்கு ஆறுதல் சொன்னேன். விதி என்று சொன்னேன்.

ஆஸ்துமா என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். பிரேமலா நம்பவில்லை. மூச்சுத் திணறுகிறவளுக்கு நாடி ஓட வேண்டும், இவளுக்கு நிதானமாக நடந்தது என்று மருத்துவரிடம் சொல்லியிருக்கிறார். இரத்தத்தைச் சோதித்ததில் அந்த மருந்து தெரிந்தது. நீங்கள் வந்தீர்கள். நல்ல தாதி. அந்தப் பெண்ணுக்குப் பயந்துதான் இத்தனையும் செய்தேன்.

ஒன்றிரண்டைத் திருத்திக்கொள்ள வேண்டும். தேநீரில் ஒரு மாத்திரை என்று சொன்னேன். இரண்டு. ஒன்று போதாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று இரண்டு போட்டேன்.

வீட்டில் ஒரு மாத்திரை இருந்தது என்றும் சொன்னேன். அது யாருடையது என்று ராஜம்மாவைப் பல முறை கேட்டீர்களாம். அவளுக்குத் தெரியாது. தெரிந்தும் தெரியாதவள் மாதிரி இருந்திருக்கலாம். அதை என் பழைய கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்திருந்தேன். குளுவாங்கில், என்னைத் தெரியாத ஒரு கிளினிக்கில் வாங்குவது. அண்ணனுக்கு வந்தது எனக்கும் வந்திருந்தது. கோயிலில் பரிவட்டம் கட்டிக்கொள்கிற நாளில், கூட்டத்தில் மைக் பிடிக்கிற நாளில் போட்டுக்கொள்வேன். அந்த ஞாயிறு காலையிலும் போட்டிருந்தேன். அதனால்தான் தேநீர் சிந்தாமல் அவளுடைய அறை வரைக்கும் கொண்டுபோக முடிந்தது. ஷர்மினியின் கையில் இருந்தது என் நடுக்கம். அவளிடம் அதைச் சொன்னதில்லை.

அந்தக் கிளினிக்கில் இருந்த சீன மருத்துவர் மாத்திரை எழுதும்போது ஒரு கேள்வி கேட்டார். ஆஸ்துமா இருக்கிறதா என்று. இருந்தால் இது கூடவே கூடாது, ஆளைக் கொன்றுவிடும் என்றார். இல்லை என்றேன். எனக்கு இல்லை, அது உண்மை. தேநீரில் கலக்கும்போது இது நினைவுக்கு வந்ததா என்று கேட்கப் போகிறீர்கள். வரவில்லை என்று சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

வந்தது. கரண்டியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். கூடத்தில் திரையில் வாள் நடுங்குவதும் நினைவுக்கு வந்தது. பிறகு கலக்கினேன்.

குடும்பத்துக்காகச் செய்தேன் என்று நேற்று வரைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை வீட்டாருக்கு நடுக்கம் முன்பே தெரிந்திருந்தது. அவர்களுக்கு அது ஒரு பொருட்டாகவும் இல்லை. அது தெரிந்த பிறகும் என் கை பைக்குள்ளேயே இருந்தது. அப்போது காப்பாற்றுவதற்கு மகள் மட்டும்தான் இருந்தாள். நான் வேறொன்றைக் காப்பாற்றினேன். இதைச் சொல்ல நாக்கூசுகிறது. சொல்லிவிட்டேன்.

என் மகளை நான் கொன்றேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஒரு வார்த்தையும் குறைக்க வேண்டாம்.

அந்த மாத்திரை அட்டையை நீங்கள் எடுத்துக்கொண்டு போனதிலிருந்து நான் மாத்திரை போடவில்லை. மூடி போட்ட குவளை ஏன் கேட்டேன் என்று இப்போது தெரிந்திருக்கும். கைகளை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டு பேசுவதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சாட்சிப் பொருள் என்று அந்த அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு உங்கள் பக்கத்தில் வைத்திருக்கிறீர்கள். அதில் இன்னும் மாத்திரை இருப்பது இங்கிருந்தே தெரிகிறது. ஒன்றே ஒன்று கொடுங்கள். வேலை செய்யக் கொஞ்ச நேரம் ஆகும், நான் காத்திருக்கிறேன். இந்தக் காகிதத்தை நீதிமன்றத்தில் எத்தனையோ பேர் பார்ப்பார்கள். ஐயாசாமியின் கையெழுத்து அதில் கோணலாக இருக்கக் கூடாது.